மாடத்தி பக்கம் சாஞ்ச கோரை

நம்பலன்னா பேராச்சிகுளத்துக் கரையில போயி நின்னு பாத்துக்கிடுங்க. காத்து அடிச்சாலும் அடிக்காட்டாலும் கோரை ஒருபக்கமாச் சாஞ்சுதான் நிக்கி. எந்தப் பக்கம்னு இப்பச் சொல்லமாட்டேன், சொன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவிய.

எங்க நடுகைக் கூட்டத்துல நாப்பது பொம்பளைய. நாப்பது பேரும் பாவாடை கட்டுன வயசுலருந்து வயல்ல கோரை புடுங்கினவளுவ. வருசத்துக்கு ரெண்டு பூவு நெல்லு, கார் பூவுக்கும் புடுங்கினோம், பிசானத்துக்கும் புடுங்கினோம், கல்யாணத்துக்கு முந்துன நாளும் புடுங்கினோம், புள்ளைய வேப்பமரத்துல தொட்டி கட்டிப் போட்டுட்டும் புடுங்கினோம். வலது கை புடுங்கும், இடது கை வாங்கும், புடி நெறஞ்சா அதுலயே ஒரு இலைய எடுத்துச் சுத்தி வரப்புல வீசும். இத்தனைக்கும் வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கண்ணு பாட்டுக்கு ரோட்டுல எந்த பஸ் போவுதுன்னு பாக்கும். கை தலையக் கேக்காது.

கை தலையக் கேக்காதுன்னதும் கண்டக்டர் ஆழ்வாரப்பன் நெனப்புதான் வருது. முப்பத்தி மூணு வருசம் பஸ்ல டிக்கெட் கிழிச்ச மனுசன். ரிட்டையராயி வந்து வீட்டுல சாப்பிட உக்காந்தாருன்னா, அப்பளத்த எடுத்துச் சின்னச் சின்னதாக் கிழிச்சு, பக்கத்துல இருக்கவுக எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு கையில குடுப்பாரு. கல்யாணப் பந்தியில அவரு பக்கத்துல உக்காந்தா உங்களுக்கு அப்பளம் முழுசாக் கெடைக்காது. சிரிச்சிட்டுப் போயிருவோம். அன்னைக்கு நாங்க சிரிச்சத நெனச்சா இப்ப வெக்கமா இருக்கு, அது ஏன்னு பொறவு தெரியும்.

எங்க விட்டேன், மாடத்தி. எங்க நாப்பதுல மாடத்தி தனி. கோரைய இலையோட புடுங்குறதுல ஒண்ணுமில்ல, கிழங்கு மண்ணுக்குள்ளயே கெடக்கும், எட்டாம் நாள் முளைச்சு வந்து நம்ம மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். நாங்க முப்பத்தொம்பது பேரும் இலை புடுங்குதவதான், மறுபடியும் கூலிக்குக் கூப்பிடுவாவல்லா. மாடத்தி மட்டும் ரெண்டு வெரல மண்ணுக்குள்ள விட்டு, கிழங்கத் தடவிப் புடிச்சு, ஒரு திருகு திருகி எடுப்பா. அவ கை பட்ட வயல்ல மறு பூவுக்குக் கோரை தலகாட்டாது. புருசன் செத்து இருவது வருசம், புள்ள குட்டி கெடையாது, வீட்டுல ரெண்டு வெள்ளாடு. காச்சல்னு படுத்தா கஞ்சி கொண்டு போறதும் எங்க கூட்டந்தான், கோயில் கொடைக்குப் பொங்கல் வைக்க அவளுக்கு அடுப்புக்கல்லு எடுத்துப் போடுறதும் எங்க கூட்டந்தான். அந்த வரிசையில அவளுக்கு ஒரு எடம் இருந்துச்சு. அந்த எடத்த விட்டா அவளுக்கு வேற எடம் கெடையாது.

அப்படி இருக்கையிலதான் தூத்துக்குடியிலருந்து, குளத்தச் சரிபண்ணுற திட்டத்துல வேலை பாக்குற மரியபுஷ்பம்னு ஒரு பிள்ள ரெண்டு வேன் நெறையத் தட்டு தட்டா நாத்து ஏத்திக்கிட்டு வந்து எறங்குனா. என்ன நாத்துன்னு பாத்தா, கோரை.

"இதக் குளத்தோரமா நடணும்"ங்கா. "இந்த மண்ணோட கோரை இது. கரையப் புடிச்சு நிக்கும். டவுன்லருந்து வாற சாக்கடைய இதோட வேரு வடிகட்டும். முக்குளிப்பான் திரும்பவும் வந்து கூடு கட்டும். கூலி தாரோம்."

பிச்சம்மா எங்க கூட்டத்துக்கு முன்ன நிக்கவ, வாயும் முன்ன நிக்கும். "களையப் புடுங்கத்தான் கூலி குடுப்பாவ, நடுறதுக்குமா? மேடத்துக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே"ன்னா.

"ஒண்ணும் இல்லக்கா. வயலுக்குத்தான் இது களை. குளத்துக்கு இதுதான் வேலி."

கேட்டுக்கிட்டோம், நம்பல. சும்மா ஒருத்தரு செடி குடுத்தா எங்க ஊருல அவரு முதுகுக்குப் பின்னால என்ன வச்சிருக்காருன்னு எட்டிப் பாப்போம். எங்க மாமனாரு காலத்துல அப்படித்தான் ஒரு ஜீப்பு வந்துச்சாம், சின்னச் சின்னப் பையில வெதை குடுத்தாவளாம், தூவி விடுங்க, வெறகுக்கு ஆவும்னாவளாம். அதுதான் சீமக்கருவேல். இன்னைக்குக் கெழக்கக் கரையில முள்ளு குத்தாம ஒருத்தன் வெளிய வந்துருவானா. பொறவு ஒருத்தி பூ அழகா இருக்குன்னு டவுன்லருந்து ஒரு வாளியில ஆகாயத்தாமரையக் கொண்டாந்து போட்டா, பத்து வருசம் குளத்துல தண்ணி எங்க இருக்குன்னே தெரியல. அதனால கோரை வந்ததும் ஆளுக்கு ஒண்ணு பேசுனாவ. குளத்த வித்துட்டாவன்னு ஒருத்தி. கோரைய நட்டுட்டுப் பொறவு கோரை நட்ட குத்தத்துக்கு நம்மளயே புடிப்பாவன்னு ஒருத்தி. அந்தப் பிள்ள கழுத்துல குருசு கெடக்கு, குளத்துக்குப் பேரு மாத்தப் போறாவன்னு ஒருத்தி. கூலி சனிக்கெழம சனிக்கெழம வந்துச்சு, அதனால பேசிக்கிட்டே நட்டோம்.

நெல்லு நட்ட கைதான. பின்னால நடந்துக்கிட்டே நட்டோம், நுனியக் கிள்ளிக் கிள்ளி நட்டோம். "அக்கா, நுனியக் கிள்ளாதீங்க, அது வழியாத்தான் வேரு மூச்சு விடும், தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கணும்"னு மரியபுஷ்பம் கரையில ஓடி ஓடிச் சொல்லுவா. "சரி மேடம்"போம். சொல்லி முடிக்குமுன்ன கை கிள்ளியிருக்கும்.

ஐப்பசி மழை பெஞ்சு கோரை நெஞ்சு ஒசரம் வந்துச்சு. ஒரு செவ்வாக்கெழம மத்தியானம், புளியமரத்துல ஒரு இலை ஆடல, மாடத்தி ஆட்டப் பத்திக்கிட்டுக் கரை மேல போறா, குளத்துல நிக்க கோரை அம்புட்டும் அவ பக்கம் சாயுது. அவ வடக்க போனா வடக்க, தெக்க திரும்புனா தெக்க. கல்யாண வீட்டுக்குள்ள புதுசா ஒருத்தி நொழைஞ்சா அம்புட்டுத் தலையும் திரும்பும்லா, அப்படி. மொதல்ல பாத்தது படித்துறையில குளிச்சிக்கிட்டு இருந்த ஆழ்வாரப்பன். ஈரத் துண்டோட டீக்கடைக்கு வந்து, "கோரையெல்லாம் மாடத்தி ஸ்டாப்புல எறங்குது"ன்னு சொல்லிட்டு ஒரு டீ கேட்டாரு.

போயிப் பாத்தோம், சாஞ்சுச்சு. போர்வையப் போத்தி நடத்திப் பாத்தோம், சாஞ்சுச்சு. ஆட்டோவுல ஒளிச்சு வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனோம், ஆட்டோ பின்னாலயே சாஞ்சுச்சு. பிச்சம்மா மாடத்தி சேலைய வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனா, கோரை அவளக் கண்டுக்கவே இல்ல, அதுலருந்தே பிச்சம்மாவுக்கு மனசுல ஒண்ணு கெடந்துச்சுன்னு வையுங்க. ஒரு மாசத்துல அது ஊருக்குப் பழகிப் போச்சு. மாடத்தி எங்கன்னு யாராவது கேட்டா குளத்தப் பாத்துட்டு, "கோரை மேக்க பாக்குது, ரேசன் கடைக்குப் போயிருப்பா"ம்போம். வெளியூருலருந்து வந்த மாப்பிள்ள ஒருத்தரு ரெண்டு நாள் பயந்தாரு, மூணாம் நாள் அவரே, "அத்தை, மாடத்தியம்மா திரும்பிட்டாங்க போல, கோரை இங்க பாக்குது"ன்னு சொன்னாரு.

ஆனா பழகுறது வேற, நம்புறது வேற. ஏன் அவளப் பாத்து மட்டும் சாயணும்னு கேள்வி. அது பத்தாதுன்னு இன்னொண்ணு. கோரை நட்டதுலருந்து மாடத்தி வலது கைய வெளிய எடுக்குறதில்ல. முந்தானையச் சுத்திச் சுத்தி முடிச்சுப் போட்டு வச்சிருக்கா. சோறு திங்குறப்ப மட்டும் அவுப்பா, அதுவும் கதவச் சாத்திக்கிட்டு. குளத்துக்குள்ளருந்து என்னமோ எடுத்து வெரல்ல போட்டிருக்கான்னு ஒருத்தி. மலையாளத்து மந்திரவாதி கட்டுன கயிறுன்னு ஒருத்தி. கையில புண்ணு, அதான் காட்டமாட்டக்கான்னு ஒருத்தி, அவ சொன்னதுலருந்து மாடத்தி வீட்டுத் தண்ணிய யாரும் வாங்கிக் குடிக்கல.

இது இப்படி இருக்கையில, கோரை குறைய ஆரம்பிச்சுச்சு. கரையோரமாப் புடி புடியாக் கோரை கெடக்கு, ஒவ்வொரு புடியிலயும் ஒரு இலைய எடுத்து அழகாச் சுத்தி வச்சிருக்கு. மரியபுஷ்பம் வந்து பாத்து மொகம் செத்துப் போனா.

"தை மாசம் பெரிய ஆபீசரு பாக்க வாராரு. பாதிக்குப் பாதியாவது நிக்கணும். இல்லன்னா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. உங்க வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும்"னா.

ஊரு காவல் போட்டுச்சு. பகல் முழுக்க அஞ்சு பேரு, பத்து பேருன்னு கரையோரமா நடந்து பாத்துக்கிட்டே இருந்தோம். வேலை இல்லாதவளும் வந்தா, மாடத்தியப் பாத்துக் கோரை சாயுறத வேடிக்கை பாக்கலாம்லா. காவல் கூடக் கூடப் புடியும் கூடுனுச்சு. யாரு புடுங்குறா, யாரு கண்ணுக்கும் தெரியல. ஆனா யாருன்னு சந்தேகம் மட்டும் யாருக்கும் இல்ல.

பிச்சம்மாதான் வாயத் தொறந்து சொன்னா. "அடிபட்ட புள்ள யாரப் பாத்து அழுவும்? அடிச்சவளப் பாத்துத்தான். கோரை இவளப் பாத்து என்னத்துக்குச் சாயுது? அம்புட்டுத்தான் கணக்கு."

பேராச்சி கோயிலு முன்ன ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் கூடுனோம். மரியபுஷ்பமும் வந்திருந்தா, கண்டக்டரும் வந்திருந்தாரு. புடுங்குன புடிய ஒரு சாக்குல கட்டிக் கொண்டாந்து மாடத்தி காலுக்கு முன்ன தட்டுனாவ. பிச்சம்மா சொன்னா: "மதினி, கைய அவுத்துக் காட்டு. இல்லன்னா நாளையிலருந்து நடுகைக்கும் வராத, களைக்கும் வராத. கொடைக்கு எங்க வரிசையில அடுப்புப் போடாத."

மாடத்தி குனிஞ்சு இடது கையால ஒரு புடிய எடுத்தா. வேர்ப்பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அவ மொகத்துல அப்படி ஒரு கோவத்த நாங்க அதுக்கு முன்ன பாத்ததில்ல.

"இத நான் புடுங்குனேன்னா சொல்லுதிய?"

"வேற யாரு?"

"கிழங்கு எங்கட்டி?"

புடிய எங்க மொகத்துக்கு நேரா நீட்டுனா.

"கழுத்தோட பிச்சுப் போட்டிருக்கு. ஒண்ணுலயாவது கிழங்கு இருக்கா, பாரு. முப்பத்தஞ்சு வருசம் உங்ககூட வயல்ல கெடந்திருக்கேன், என்னையத் திருடின்னு சொல்லு, போவட்டும். இப்படிக் களையெடுக்கவன்னு சொல்லிட்டியள்லா." புடியக் கீழ எறிஞ்சா. "இதச் செஞ்சவளுக்குக் களையெடுக்கவே தெரியாது."

முப்பத்தொம்பது பேருக்கும் சுருக்குன்னு தச்சுச்சு. ஏன் தச்சுச்சுன்னு அப்ப எங்களுக்கே தெரியல.

"பேச்ச மாத்தாத. கையக் காட்டு"ன்னா பிச்சம்மா.

"காட்டுதேன். அதுக்கு முன்ன எல்லாரும் எங்கூட வாங்க, படித்துறையிலருந்து மடை வரைக்கும் கரையோரமா ஒரு நடை. சும்மா வராண்டாம், பேசிக்கிட்டே வாங்க. என்னையப் பத்தியே பேசுங்க, எனக்கு ஒண்ணுமில்ல."

போனோம். அவ முன்ன போறா, கோரை அம்புட்டும் அவ பக்கம் சாஞ்சு சாஞ்சு கூடவே வருது, நாங்க பின்னால தண்ணியோரமாப் போறோம். பேசச் சொன்னா எங்களுக்கு என்ன கஷ்டம். அவ புருசன் எப்படிச் செத்தான்னு ஆரம்பிச்சு, அவ ஆடு மட்டும் எப்படி வருசா வருசம் ரெட்டை ரெட்டையாப் போடுதுங்குறதுல வந்து, கையில என்ன இருக்கும்னு பந்தயம் கட்டுற வரைக்கும் வந்துட்டோம், மடையும் வந்துருச்சு. மாடத்தி நின்னு திரும்புனா.

"இடது கையப் பாருங்கட்டி."

பாத்தோம்.

என் கையில ஏழு கோரை. ஏழையும் சேத்து ஒரு இலையால சுத்தியிருக்கு. எப்பப் புடுங்குனேன், எப்பச் சுத்துனேன், பேராச்சி சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பக்கம் நின்னவ கையிலயும் கோரை, இந்தப் பக்கம் நின்னவ கையிலயும் கோரை. பிச்சம்மா கையில ஒரு புடி இருக்கு, வந்த வழியில ரெண்டு புடி வீசியிருக்கா. மரியபுஷ்பம் கை மட்டும் வெறுங்கை, அந்தப் பிள்ள என்னைக்கு வயல்ல எறங்குச்சு? பொறவு பாத்தா எங்க எல்லார் கையிலயும் கோரையோட சேத்து ஒரு சின்னத் துண்டு இலை இருக்கு. ஆழ்வாரப்பன் வார வழியெல்லாம் கோரை இலையக் கிழிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்துக்கிட்டே வந்திருக்காரு. நாங்களும் வாங்கியிருக்கோம்.

சிரிக்க ஒருத்திக்கும் வாய் வரல.

காவலுக்கு வந்தமே, வேடிக்கைக்கு வந்தமே, அவளச் சந்தேகப்பட்டுப் பேசிக்கிட்டே நடந்தமே, அம்புட்டு நடைக்கும் ஒரு புடி. நாங்க அவளப் பத்திப் பேசாம வீட்டுல கெடந்திருந்தா கோரை முழுசா நின்னிருக்கும்.

மாடத்தி சொன்னா: "நட்ட மறுநாளே என் கையில ஒண்ணு வந்து நின்னுச்சு. ஒண்ணே ஒண்ணு. கிழங்கோட. அன்னைக்குக் கட்டுனேன்." சொல்லிக்கிட்டே முந்தானை முடிச்ச அவுத்தா. உள்ள மோதிரமும் இல்ல, கயிறும் இல்ல, புண்ணும் இல்ல. வேர்த்து வெளுத்துப்போன ஒரு கை, அவ்வளவுதான்.

ஆனா அந்தக் கை வெளிய வந்தது பாருங்க, அவ பக்கமாச் சாஞ்சு நின்ன கோரை அம்புட்டும் விருட்டுன்னு பின்னால போயி, தண்ணியோட தண்ணியாப் படுத்துருச்சு. குளத்துக்கு இந்தக் கரையிலருந்து அந்தக் கரை வரைக்கும் ஒண்ணு நிக்கல. வெட்டுக்கத்தியோட ஆளு வந்தா ஆடு கொட்டகை மூலைக்கு ஒதுங்கும்லா, அப்படி ஒதுங்குச்சு. மாடத்தி அதப் பாத்துக்கிட்டே நின்னா. பொறவு மெதுவாத் திரும்பவும் முந்தானையச் சுத்துனா, முடிச்சுப் போட்டா. கோரை ஒண்ணொண்ணா எந்திரிச்சு, அவ பக்கம் சாஞ்சு, கையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அப்பத்தான் எங்களுக்கு வெளங்குச்சு. கோரை முப்பத்தொம்பது பேரயும் ஒரு பொருட்டா நெனைக்கல. நாங்க இலையத்தான் பிய்ப்போம், எட்டு நாள்ல அது திரும்பி வந்துரும். அதுக்கு ஒரே ஒரு கைமேலதான் பயம். அது கண்ண எடுக்காமப் பாத்தது அந்தக் கையத்தான்.

மன்னிச்சிருன்னு யாரும் கேக்கல, எங்க ஊருல அப்படிக் கேக்குற வழக்கம் இல்ல. பிச்சம்மா கையில இருந்த புடியக் கீழ போட்டா, மூக்க உறிஞ்சுனா, "மதினி, உங்கிட்ட பழைய சேலை கெடந்தா எனக்கும் ஒரு துண்டு கிழிச்சுக் குடு"ன்னா. அதுக்குப் பொறவு மாடத்தி வீட்டுக்குப் போயி முப்பத்தொம்பது பேரும் ஒரு சொம்புத் தண்ணிய மாத்தி மாத்திக் குடிச்சோம், தாகம் இருந்துச்சோ இல்லையோ.

மறுநாளுலருந்து குளத்துப் பக்கம் போறவ எல்லாம் வலது கையக் கட்டிக்கிட்டுத்தான் போறது. வெளியூருலருந்து வாக்கப்பட்டு வார பொண்ணுக்கு வெளக்கேத்தச் சொல்லிக் குடுக்கையிலயே அதையும் சொல்லிக் குடுத்துருவோம். ஆழ்வாரப்பனுக்கு ரெண்டு கையிலயும் பழைய பஸ் டிக்கெட்டுகளக் குடுத்து அனுப்புனோம். கிழங்கு எல்லாம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்ததனால தைக்கு முன்ன கோரை தலைக்கு மேல வந்துருச்சு, முக்குளிப்பானும் வந்து உள்ள எங்கயோ கூடு வச்சுச்சு.

ஆபீசரு வந்தாரு. கரையில நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. "எல்லாம் ஏன் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு?"ன்னாரு. கூட்டத்துக்குப் பின்னால மாடத்தி கையக் கட்டிக்கிட்டு நிக்கா.

"காத்து சார்"னா பிச்சம்மா. அவரு நெத்தி வேர்வை சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

"காத்தா?"

"மேக்காத்து சார்"னோம் நாப்பது பேரும்.

அந்நேரம் பாத்து மாடத்தி ஆடு ஒண்ணு கத்திக்கிட்டு வடக்க ஓடுச்சு, அவ அதப் புடிக்க ஓடுனா. கோரை அம்புட்டும் வடக்க திரும்புச்சு. ஆபீசரு எங்களப் பாத்தாரு.

"தெக்காத்தாத் திரும்பிட்டு சார்"னா பிச்சம்மா, மொகத்துல ஒரு சுருக்கம் மாறாம. அவரு எழுதிக்கிட்டாரு.

அப்புறம் ஒம்பது வருசம் மாடத்தி இருந்தா. எங்க வரிசையிலதான் அடுப்புப் போட்டா, எங்க வரிசையிலதான் நட்டா. ஊரு அவள நம்புனுச்சு, கோரைதான் கடைசி வரைக்கும் நம்பல. சாயங்காலம் கரையில உக்காந்து, "இன்னும் பாக்கியா, பாரு பாரு"ன்னு அதுகூடப் பேசிக்கிட்டு இருப்பா. ஒரு நாளும் முடிச்ச அவுக்கல.

அவ செத்தப்ப நாங்கதான் குளிப்பாட்டுனோம். கால் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, கைக்கட்டை வெரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, அதுக்கு மேல வலது கைய ஒரு கிழிசலால தனியாவும் சுத்திவிட்டோம். பொம்பளைய தெரு முனை வரைக்குந்தான போவலாம். அங்கன வச்சுப் பிச்சம்மா பாடையப் புடிச்சு நிறுத்திச் சொன்னா, "குழியில வைக்கையில கட்ட அவுப்பியள்லா, கால அவுத்துக்கிடுங்க. கைய மட்டும் அவுக்காதீங்க."

ஆம்பளைய தலைய ஆட்டுனாவ. அங்க போயி, கட்டோட பொதைக்கிற வழக்கம் உண்டுமா, பொம்பளைய பேச்ச எவன் கேப்பான்னு சொல்லி, எல்லாத்தையும் அவுத்துட்டாவ.

அவுத்துட்டோம்னு எங்ககிட்ட யாரும் வந்து சொல்லல. எழவு வீட்டுத் தீட்டு போக நாங்க குளத்துல தலை முழுவிக்கிட்டு இருந்தோம். புளியமரத்துல ஒரு இலை ஆடல. கோரை அம்புட்டும் ஒரு தடவ தண்ணியோட படுத்துச்சு. பொறவு மெதுவா எந்திரிச்சுச்சு, வடக்க, அவளப் பொதைச்ச சுடுகாட்டுப் பக்கமாச் சாஞ்சுச்சு.

இன்னைக்கும் அந்தப் பக்கந்தான் சாஞ்சு நிக்கி. மண்ணுக்குள்ள எறங்குன கை, கிழங்கத் தேடி எந்தப் பக்கமா வருதுன்னு பாத்துக்கிட்டு.